கடைசி வீட்டு வால்வு

தோட்டத்தில் எங்களை வேலை வாங்குகிற கங்காணி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றது அதுதான் முதல் தடவை. அதற்கு முன்பெல்லாம் எதாவது சொல்ல வேண்டுமென்றால் ரோட்டில் நின்றபடியே "ஏய் மாரி" என்று ஒரு குரல் விடுவார். என் அப்பா போட்டது போட்டபடி ஓடுவார்.

அன்றைக்கு வாசலுக்கே வந்துவிட்டார். சிலுவாரின் கால் இரண்டையும் முழங்கால் வரை சுருட்டி விட்டிருந்தார். காலில் சிலிப்பர் இல்லை. பாதத்தில் என்ன ஒட்டியிருந்தது என்று நான் சொல்லவேண்டியதில்லை, வாடையே சொன்னது. முந்தின நாள் மத்தியானம் பிடித்த மழை விடிகிற வரை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை, வேலை கிடையாது. பனி இறங்கி, எதிர் மலையே காணாமல் போயிருந்தது.

"அஞ்சல, அந்த வால்வ கழட்டு" என்றார்.

அடுப்பில் கோப்பித் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன்.

"எந்த வால்வு கங்காணி?"

"தெரியாத மாதிரி பேசாதலா. உங்க கக்கூஸ் பைப்புல புதுசா மாட்டினியே, அது. நீ மாட்டினதுல இருந்து எங்க வீட்ல ஏறுது. இன்னிக்கி குசினி அடுப்பு வரைக்கும் வந்துருச்சி."

"எங்க வீட்ல இத்தன மாசமா குசினி வரைக்கும்தான் வந்திச்சி. அப்ப யாரும் வந்து கேக்கலியே."

அவர் என் தலைக்கு மேலே எட்டி வீட்டுக்குள் பார்த்து, "மாரி, இங்க வா" என்றார்.

உள்ளே பாயில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்தார். அவர் எழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. கங்காணியைப் பார்த்து எனக்குப் பயமில்லை. அப்பா "தோ வரேங்க" என்று சொல்லிவிடுவாரோ என்றுதான் பயம். அதில் என்ன பெரிய பயம் என்று கேட்பீர்கள். அதைச் சொல்ல நான் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

லயத்தின் வால்

எங்கள் தேயிலைத் தோட்டம் கேமரன்மலையில், ரிங்லெட் ஊரிலிருந்து மேலே ஏறுகிற வழியில் உள்ளே தள்ளி இருந்தது. மலைச் சரிவில் மேலிருந்து கீழாக ஒரே கூரை, ஒட்டு ஒட்டாக வீடுகள். அதுதான் லயம். மேல் முனையில் கங்காணிக்குச் சொந்தக்காரர்கள், கோயில் காரியம் பார்ப்பவர்கள். கீழே வர வர ஆள் சின்னவர் ஆகிக்கொண்டே வருவார். கடைசி வீடு எங்கள் வீடு. லயத்துத் தண்ணீரெல்லாம் வந்து விழுகிற சாக்கடைக்குப் பக்கத்தில்.

கங்காணி மட்டும் மேல் முனையில் இல்லை. எங்களுக்கு அடுத்த மேல் வீட்டில்தான் இருந்தார். அது மற்ற வீடுகளைவிட ஓர் அறை பெரிய வீடு, பின்னால் தோட்டம் போட இடமும் உண்டு. அந்த இடத்துக்கு ஆசைப்பட்டுத்தான் எங்கள் பக்கத்தில் குடியிருக்கச் சம்மதித்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் மட்டும் ஓர் ஆள் படுக்கிற அளவு சந்து விட்டு, தகரம் அடித்து மறைத்திருந்தார்.

எங்களுக்கு ஏன் கடைசி வீடு? என் அப்பா வாளி தூக்கினார்.

அந்தக் காலத்தில் லயத்துக்குப் பின்னால் வரிசையாகக் கக்கூஸ். மேலே ஓட்டை, கீழே வாளி. விடிவதற்கு முன்னால் அப்பா போய், அத்தனை வாளியையும் தோளில் போடுகிற காண்டாக் கம்பில் மாட்டித் தூக்கி, சரிவில் இறங்கி, குழியில் கொட்டி, கழுவி, திரும்ப வைக்க வேண்டும். சனமெல்லாம் எழுந்திருக்கும்போது அவர் கண்ணில் படக்கூடாது. பட்டால் சகுனம் சரியில்லை என்பார்கள். அவர்களுடைய வயிறு காலியாவதற்கு என் அப்பா வேண்டும், முகத்தில் விழிக்க மட்டும் வேண்டாம்.

கேமரன்மலைக்குப் போய்வந்தவர்கள் எல்லோரும் காற்றைப் புகழ்வார்கள். கியா பார்மில் ஸ்ட்ராபெரி வாங்கித் தின்றுகொண்டே "என்ன காற்று, என்ன சுத்தம்" என்பார்கள். நானும் தலையாட்டுவேன். அந்தக் காற்றைச் சுத்தமாக வைத்திருந்தவர்களில் ஒருவர் என் அப்பா என்று சொல்ல வாய் துறுதுறுக்கும். சொல்லியும் இருக்கிறேன். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

போன வாரம் என் தங்கை மகள் போன் செய்தாள். நல்ல வேலையில் இருக்கிறாள், நல்ல பிள்ளை. "பெரியம்மா, அடுத்து பத்திரிகைல தாத்தா பத்தி எழுதப் போறீங்களாமே. தேயில, பனி, பள்ளிக்கூடம்னு எழுதுங்க. வாளி மேட்டரெல்லாம் எதுக்கு? என் ஆபீஸ்ல படிக்கிறாங்க" என்றாள்.

படிக்கட்டும் என்றேன். படிக்கத்தானே எழுதுகிறேன். பத்திரிகைக்காரர்கள் 'பீ' என்று நான் எழுதிய இடத்திலெல்லாம் 'கழிவு' என்று திருத்திக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. என் அப்பா தூக்கியபோது அதற்கு அந்தப் பெயர் இல்லை.

குழாய் வந்த வருடம்

எழுபதுகளின் நடுவில் என்று ஞாபகம். வருடம் கேட்காதீர்கள். நான் மார்பில் புத்தகத்தை அணைத்துக்கொண்டு தோட்டப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த கடைசி வருடம். தோட்டத்தில் குத்தகைக்காரன் வந்து லயத்தின் பின்புறம் நீளமாகத் தோண்டினான். வீட்டுக்கு வீடு, குசினியை ஒட்டி, தண்ணீர் ஊற்றும் கக்கூஸ் கட்டினார்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு சின்னக் குழாய். எல்லாம் போய்ச் சேர ஒரே பெரிய குழாய். அது மேல் முனையில் ஆரம்பித்து, எங்கள் வீட்டைத் தாண்டி, பள்ளத்தில் புதைத்த தொட்டியில் விழும்.

வாளிகளை எல்லாம் ஒன்றாகக் குவித்து லோரியில் ஏற்றிக்கொண்டு போன அன்று, அப்பா வெந்நீர் வைக்கச் சொல்லிக் குளித்தார். குளித்துவிட்டு வந்தவர் மறுபடியும் வெந்நீர் வைக்கச் சொன்னார். அம்மா சிரித்துக்கொண்டே விறகைத் தள்ளினாள். தலை துவட்டும்போது அப்பா சொன்னார்: "இனிமே அடுத்தவன் பீய இந்தக் கை தொடாது."

என் அப்பா அதிகம் பேசாத மனிதர். சாமி முன்னால்கூட ஒன்றும் வேண்டிக்கொள்ள மாட்டார். அவர் வாழ்க்கையில் சபதம் மாதிரி சொன்னது அந்த ஒன்றுதான். அதற்குப் பிறகு புல் வெட்டப் போனார். கையில் கொப்புளம், முதுகு வலி, ஆனால் சாயங்காலம் விசிலடித்துக்கொண்டு வருவார்.

குழாய் பதித்த சமயத்தில் எங்கள் வீட்டுக்கு மட்டும் ஒரு விசேஷம் நடந்தது. பின்வாசலில் ஒரு சிமெண்டுப் பெட்டி கட்டி, எங்கள் வீட்டுக் குழாய் பெரிய குழாயில் சேருமுன் ஒரு வால்வு வைத்தார்கள். "இது எதுக்கு?" என்று நான் கேட்டேன். குழாய் பதிக்க வந்தவர் ஈப்போக்காரர், நன்றாகப் பேசுவார்.

"நீங்கதான் கடைசி வீடு தங்கச்சி. கீழ தொட்டி ரொம்பி பெரிய பைப்பு அடைச்சிகிச்சின்னா, மேல உள்ளவங்க ஊத்தறது எல்லாம் பள்ளமா இருக்கற வீட்ல ஏறும். இதுக்குள்ள ஒரு தகடு தொங்குது பாத்தியா? உங்க தண்ணி போனா தெறந்துக்கும். வெளிய இருந்து தண்ணி திரும்பி வந்தா அதுவே தள்ளிச் சாத்திடும்."

ஒரு பக்கம் மட்டும் திறக்கிற கோழிக்கூட்டுக் கதவு என்று நான் புரிந்துகொண்டேன். அது போதுமாக இருந்தது.

ஏறி வந்தது

சில வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. நான் பள்ளிக்கூடத்தை விட்டு, கூடை மாட்டி, கொழுந்து எடுக்கப் போனேன். எண்பதுகளின் ஆரம்பம். ஒரு மழைக்காலத்தில், சாயங்காலம், கக்கூஸ் பக்கம் கொளகொளவென்று சத்தம். அம்மா போய்ப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

குந்துகிற கிண்ணம் நிறைந்து, வழிந்து, குசினி பக்கம் வந்துகொண்டிருந்தது. தங்கை பாட்டி வீட்டில் இருந்தாள், எங்கள் வீட்டில் மூன்று பேர்தான். வந்ததைப் பார்த்தால் அது மூன்று பேருடையது இல்லை என்று குழந்தைக்கும் தெரியும்.

அப்பா பால் டின் ஒன்றை எடுத்தார். குனிந்து அள்ளி, பக்கெட்டில் ஊற்றி, சாக்கடைக்குக் கொண்டுபோனார். திரும்ப வந்து அள்ளினார். அம்மா சுவரோரமாக நின்று அழுதாள். நான் விளக்குமாறு எடுத்துக்கொண்டு போனபோது, "நீ வராத, எனக்குப் பழக்கம்" என்றார்.

அந்தச் சொல்லைக் கேட்டு எனக்கு எப்படி இருந்திருக்கும்? லயத்து வாளியை விட்டுவிட்டார் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். இப்போது அது குழாய் வழியாக வீட்டுக்கே வந்து அவரைத் தேடியது. பெரிய மழை பெய்யும்போதெல்லாம் இதே கதை. வானம் இருட்டினால் அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிடுவார். விசிலடிப்பது நின்றுபோனது.

மேலே உள்ளவர்களுக்குத் தெரியாதா? தெரியும். பின்பக்கம் வாடை அடிக்காமலா இருக்கும். கங்காணி பெண்டாட்டி பாக்கியம் அக்கா தகர மறைப்புக்கு மேலே எட்டிப் பார்த்து, "சாம்பிராணி போடுங்கடி" என்று சொல்லிவிட்டுப் போவார்.

ஆபீஸ் சொன்ன நியாயம்

சிமெண்டுப் பெட்டியின் மூடியைக் கம்பியால் நெம்பி நானே திறந்து பார்த்தேன். வால்வின் மேல் மூடியைக் கழற்றினால், உள்ளே தொங்க வேண்டிய தகடு துருப்பிடித்து, கீல் அறுந்து, அடியில் விழுந்து கிடந்தது. கதவே இல்லாத கூடு. வெளியிலிருந்து வருவது வரட்டும் என்று திறந்து கிடந்தது.

ஆபீசுக்குப் போனேன். தோட்டத்து மேனேஜர் துரையைப் பார்க்க முடியாது, கணக்கெழுதுகிற கிராணியைத்தான் பார்க்க முடியும். கிராணி நம் ஆள்தான், நெற்றியில் திருநீறு பளிச்சென்று இருக்கும். நான் நின்றேன், அவர் உட்கார்ந்திருந்தார்.

"வால்வு கெட்டுப் போச்சிங்க சார். புதுசு போடணும். கீழத் தொட்டியையும் காலி பண்ணணும். ரொம்பிப் போயிருக்கு."

"வீட்டுக்குள்ள ரிப்பேர்னா நீங்கதான் பாத்துக்கணும்."

"தொட்டி எங்க வீட்டுக்குள்ளயா சார் இருக்கு?"

அவர் பேனாவை மூடினார். "வாய் ரொம்ப நீளுது ஒனக்கு. மழைக்கு ஏறுது, மழ நின்னா எறங்கிடும். அது வரைக்கும் ஒங்கப்பன அள்ளச் சொல்லு. அவனுக்குப் பழக்கந்தான."

எனக்கு வந்ததே கோபம், மேசையைக் கவிழ்த்திருப்பேன். கவிழ்த்திருந்தால் வேலையும் போயிருக்கும், வீடும் போயிருக்கும். தோட்டத்தில் வேலையும் வீடும் ஒரே முடிச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அப்பா தனக்குத்தானே சொல்லிக்கொண்ட அதே சொல்லை கிராணியும் சொன்னார். பழக்கமாம். அப்பா சொன்னபோது அழுகை வந்தது. இவர் சொன்னபோது புதிய வால்வு வாங்கியே தீருவது என்று முடிவு வந்தது.

அம்புக்குறி

சம்பளம் போட்ட வாரம் ரிங்லெட்டுக்குப் பஸ் பிடித்தேன். திரிங்காப்புக் காய்கறித் தோட்டங்களிலிருந்து கோபிஸ் ஏற்றி இறங்குகிற லோரிகள் வழியை அடைத்துக்கொண்டு நின்றதில் பாதி நேரம் அங்கேயே போய்விட்டது. இரும்புச் சாமான் கடை முதலாளியான தவுக்கே வயசான சீனர். நான் கையால் படம் போட்டுக் காட்டினேன். அவர் பரணில் ஏறி, தூசி தட்டி, சாம்பல் நிறத்தில் பிளாஸ்டிக் வால்வு ஒன்றை எடுத்து வைத்தார். இரண்டு பக்கமும் மாட்ட ரப்பர் பட்டையும் திருகு வளையமும் தந்தார்.

"தங்கச்சி, யார் போடுவா? லக்கி இருக்கா?" என்று கேட்டார். புருஷன் இருக்கிறானா என்று.

"நானே போடுவேன் தவுக்கே."

அவர் சிரிக்கவில்லை. வால்வைத் தூக்கிக் காட்டி, மேலே இருந்த அம்புக்குறியைத் தட்டித் தட்டி மலாயில் என்னவோ சொன்னார். பஸ் ஹார்ன் அடித்தது. "தெரியும் தெரியும்" என்று வாங்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் வந்ததும் பின்வாசலில் இறங்கினேன். அப்பா மண் வெட்டுகிற சங்கோலை எடுத்துக்கொண்டு வந்தார்.

"நீங்க எறங்கக் கூடாதுப்பா" என்றேன்.

"ஒனக்குத் தெரியாதும்மா."

"தெரிஞ்சிக்கறேன். நீங்க அந்தக் கட்டைல உக்காந்து பாருங்க, போதும்."

அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்றா சொன்னேன், நெருப்பின்மேல் இருப்பது மாதிரி இருந்தார். மேல் வீடுகளின் பின்வாசல் ஒவ்வொன்றிலும் தலை முளைத்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு நல்ல வேடிக்கை கிடைத்தது அவர்களுக்கு.

"அப்பன் விட்டத மக புடிச்சிகிட்டாடி" என்று ஒரு குரல். யாரென்று தெரியும், பெயர் வேண்டாம், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நான் குழியிலிருந்து நிமிர்ந்தேன். முழங்கை வரை அப்பியிருந்தது. "எங்க வீட்டுத அள்ள எனக்கு வெக்கமில்லக்கா. ஒங்க வீட்டுத அள்ளத்தான் முடியாது. அதுக்குத்தான் இத மாட்டறேன்" என்றேன். தலைகள் உள்ளே போயின. மறுபடியும் வந்தன, அது வேறு விஷயம்.

பழைய வால்வின் திருகுகள் துருவேறி அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, கம்பியால் தட்டி, கடைசியில் ரப்பரைப் பாராங் கத்தியால் அறுத்தேன். பழையதை உருவி எறிந்துவிட்டுப் புதியதை மாட்டி, பட்டைகளை இறுக்கினேன். கையெல்லாம் சிராய்ப்பு. எழுந்து நின்றபோது மலையையே புரட்டிப் போட்டவள் மாதிரி ஒரு மிதப்பு.

"ஊத்தும்மா தண்ணிய" என்று அம்மாவிடம் கத்தினேன்.

அம்மா ஊற்றினாள். உள்ளேயிருந்து அம்மாவின் குரல்: "அஞ்சல, இப்ப நம்மளுதே போவ மாட்டேங்குதுடி."

வால்வைத் திருப்பி மாட்டியிருந்தேன். அம்புக்குறி வீட்டைப் பார்த்துக் கொண்டிருந்தது. எங்கள் தண்ணீரை அடைத்துவிட்டு, ஊரார் தண்ணீருக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தேன். நான் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றேன். கட்டையில் உட்கார்ந்திருந்த அப்பா மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். வெகு நாள் கழித்து அவர் சிரித்ததைப் பார்த்து அம்மாவும் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மேல் வீட்டுத் தலைகளுக்கு என்னவென்று புரியவில்லை.

எல்லாவற்றையும் கழற்றி, திருப்பி, மறுபடியும் மாட்டினேன். இந்தத் தடவை அம்மா ஊற்றியது சரசரவென்று போனது.

கூரைத் தண்ணீர்

அடுத்த மழை வந்தது. நாங்கள் மூன்று பேரும் கக்கூஸ் வாசலில் நின்றோம், பிரசவ வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி. சிமெண்டுப் பெட்டிக்குள் தகடு சாத்துகிற சத்தம் லேசாகக் கேட்டது. கிண்ணத்தில் தண்ணீர் ஆடியது, ஏறவில்லை. தகடு சாத்தியிருக்கும்போது நம்முடையதும் போகாது, அதனால் மழை விடுகிற வரை யாரும் கக்கூஸ் போகக்கூடாது என்று நான் சட்டம் போட்டேன். அம்மா அடக்கிக்கொண்டு நடந்த நடையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். தரை காய்ந்து கிடந்தது.

எனக்கு ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. மழை பெய்தால் கக்கூஸ் குழாய் ஏன் நிரம்ப வேண்டும்? மழையிலா சனம் அதிகமாகப் போகிறது? குடையைப் பிடித்துக்கொண்டு சந்துக்குள் போய் தகர மறைப்பின் ஓட்டை வழியாகப் பார்த்தேன்.

கங்காணி தன் கூரைத் தண்ணீரையெல்லாம் ஒரு தகரக் குழாயில் சேர்த்து, கக்கூஸ் குழாய்க்குள் விட்டிருந்தார். பின்னால் பாக்கியம் அக்கா கொத்தமல்லியும் ரோஜாவும் போட்டிருந்தார். கூரைத் தண்ணீர் விழுந்தால் பாத்தி அரித்துப் போகும். சாக்கடைக்குத் திருப்பினால் வெட்டிப் பதிக்க வேண்டும். பக்கத்திலேயே ஒரு குழாய் போகிறது, அதில் விட்டால் போயிற்று. எங்கே போகும் என்று கவலை இல்லை, கீழேதானே போகும். அவரைப் பார்த்து மேலே இன்னும் சில வீடுகளும் அப்படியே செய்திருந்தார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. தொட்டியும் நிறைந்து கிடக்கிறது, கூரைத் தண்ணீரும் உள்ளே இறங்குகிறது. அத்தனையும் எங்கள் வீட்டில்தான் ஏறியிருக்கிறது.

பாக்கியம் அக்காவிடம் போய் நல்லவிதமாகவே சொன்னேன். "அக்கா, அந்தத் தகரத்த மட்டும் சாக்கடைக்குத் திருப்பிடுங்க. இல்லன்னா பைப்பு ரொம்பிடும்."

"ஏண்டி, என் வீட்டுக் கூரத் தண்ணி எங்க போவணும்னு நீ சொல்லுவியா?"

"இப்ப எங்க வீட்ல ஏறாதுக்கா. அடுத்த பள்ளம் ஒங்க வீடுதான்."

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசி வீட்டில் ஏறுவதுதான் குழாயின் இயற்கை என்று அவர்கள் நம்பியிருந்தார்கள். அது தங்கள் வீட்டிலும் ஏறும் என்பது அவர்கள் புத்திக்கு எட்டவே இல்லை.

பிறகுதான் அந்தச் சனிக்கிழமை மழை.

வாசலில்

"மாரி, இங்க வா" என்று கங்காணி கூப்பிட்டார் என்று சொன்னேன் இல்லையா. அப்பா எழுந்து வந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு என் பின்னால் நின்றார். லயத்துச் சனம் பாதிப் பேர் ரோட்டில் கூடிவிட்டார்கள். பாக்கியம் அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"ஒன் மகளுக்குப் புத்தி சொல்லு. வால்வக் கழட்டச் சொல்லு. மின்ன மாதிரியே இருக்கட்டும்."

மின்ன மாதிரியே. அதைச் சொல்ல அவருக்கு நாக்கு கூசவில்லை. கூட்டத்தில் ஒருவர்கூட அதில் தப்பு இருப்பதாக முகம் சுளிக்கவில்லை. நியாயமான கோரிக்கை மாதிரி கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"கழட்ட மாட்டேன்" என்றேன். "ஒங்க கூரத் தகரத்த பைப்புல இருந்து எடுங்க. ஆபீஸ்ல சொல்லி தொட்டியக் காலி பண்ணுங்க. நான் சொன்னா கேக்க மாட்டாங்க, நீங்க சொன்னா கேப்பாங்க."

"தொரைகிட்ட சொல்லுவேன். வீட்டக் காலி பண்ண வைப்பேன், தெரியுமா?"

"கூட்டிட்டு வாங்க. எங்க வீட்டுத் தரையையும் பாக்கட்டும், ஒங்க வீட்டுத் தரையையும் பாக்கட்டும். ஏன் ஒங்களுது மட்டும் அவசரம்னு நானே கேக்கறேன்."

அம்மா பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். வீடு போய்விடும் என்ற பயம் அவளுக்கு. எனக்கு மட்டும் இல்லையா? வாய் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

கங்காணி குரலை இறக்கினார். கோபமாகப் பேசியிருந்தால் தேவலாம். அவர் கனிவாகப் பேசினார்.

"சரி மாரி. வால்வு கெடக்கட்டும். நீ ஒரு எட்டு வந்து அள்ளி விட்டுட்டுப் போ. குசினியெல்லாம் கெடக்கு. ஒனக்குத் தெரியாத வேலையா? எங்க வீட்டுப் பொம்பளைங்க எப்படிலா செய்வாங்க?"

இதற்குத்தான் நான் பயந்தேன். அதட்டினால் அப்பா ஒதுங்குவார். இப்படிக் கேட்டால் அவருக்கு மறுக்கத் தெரியாது. நாற்பது வயது வரைக்கும் இப்படிக் கேட்டுத்தான் அவரைக் குனிய வைத்திருந்தார்கள். நான் வாயைத் திறந்தேன். அப்பா என் தோளில் கை வைத்து என்னை நகர்த்திவிட்டு முன்னால் வந்தார்.

கங்காணியின் முகத்தை நேராகப் பார்த்தார். அவர் அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை.

"நான் வரலிங்க" என்றார்.

"என்னா?"

"அந்த வேலைய விட்டுட்டேன். வர மாட்டேன்."

குரல் உயரவில்லை. மன்னிப்புக் கேட்கிற குரலும் இல்லை. கங்காணிக்கு முகத்தில் ஈயாடவில்லை. திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார், யாராவது எதாவது சொல்வார்கள் என்று. யாரும் ஒரு பக்கெட்கூட எடுத்துக்கொண்டு வரவில்லை. அடுத்த மழைக்குத் தங்கள் வீட்டுக்கும் ஏறுமா என்ற யோசனையோடு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

நான் ஆபீசில் போய்க் கேட்டபோது இல்லாத லோரி, கங்காணி வீட்டில் ஏறிய அந்த வாரமே வந்து தொட்டியை உறிஞ்சிக்கொண்டு போனது. துரை எங்கள் வீட்டைக் காலி செய்யச் சொல்லவில்லை. எங்கள் வீடு எது என்பதே அவருக்குத் தெரியாது என்று நினைக்கிறேன்.

அதெல்லாம் பிறகு. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, தூறலில், கங்காணி ஏணி வைத்து ஏறி, தன் கையாலேயே அந்தத் தகரக் குழாயைப் பிடுங்கிக் கீழே போட்டார். அப்புறம் சிலுவாரை இன்னும் கொஞ்சம் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குள் போனார். அவர் வீட்டில் ஏறியிருந்ததை அவரே அள்ளினார். அள்ளி அள்ளி, எங்கள் வாசலைத் தாண்டித்தான் சாக்கடைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிந்துகொண்டே தாண்டினார்.

அம்மா கதவைச் சாத்தப் போனாள். அப்பா வேண்டாம் என்றார். வாசலுக்கு நேரே உட்கார்ந்து, கோப்பியில் ரொட்டியை முக்கி முக்கி, அவசரமே இல்லாமல் பசியாறினார்.